செத்த வீரன் குளோனாகத் திரும்பலாமா?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் வாராவாரம் கூடி, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடுகிறோம். அடுத்த கதையை நான் நடத்துகிறேன். விண்கலமும் மந்திரமும் கலந்த எதிர்கால உலகம். சாகிற வீரர்கள் குளோனாகத் திரும்பலாம் என்று வைத்தால், சாவுக்குப் பயமே இல்லாமல் போய்விடும் என்கிறார்கள் நண்பர்கள். அறிவியலுக்கு ஓரளவு ஒத்துப்போகிற மாதிரி எப்படி அமைப்பது?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது சரிதான், ஆனால் நிஜ குளோனிங்கைக் கூர்ந்து பார்த்தால் சாவு சுலபமாகாது. கருமுட்டையின் உட்கருவை, அதாவது மரபணுக்கள் இருக்கிற நடுப்பகுதியை, எடுத்துவிட்டு, நகலெடுக்க வேண்டியவரின் செல்லை அதனுடன் மின்சாரம் பாய்ச்சி இணைத்து, வளரும் கருவை ஒரு வாடகைத் தாயின் கருப்பையில் வைக்க வேண்டும். 1996இல் ஸ்காட்லாந்தில் டாலி ஆடு பிறந்தது இப்படித்தான். இணைத்த முட்டைகள் 277, தேறிய கருக்கள் 29, உயிரோடு பிறந்தது ஒன்றே ஒன்று. அதுவும் குட்டியாகத்தான் பிறந்தது! ஆறு வயது ஆட்டின் செல்லை எடுத்தால் ஆறு வயது ஆடு எழுந்து வராது. அதாவது குளோன் என்பது காலம் தாழ்த்திப் பிறக்கிற இரட்டைப் பிள்ளை, அவ்வளவுதான்.

அந்த இரட்டையும் அச்சு அசலாக இருக்காது. 2001இல் டெக்சாஸில் ஒரு மூவண்ணப் பூனையைக் குளோன் செய்தார்கள், பிறந்த குட்டியின் உடம்பில் ஆரஞ்சு நிறமே இல்லை. ஆகவே உங்கள் வீரனின் நகலுக்கு மச்சம், ரேகை, குணம் எல்லாம் கொஞ்சம் மாறட்டும். காதலிக்கு அங்கேயே சந்தேகம் வரட்டும்.

செல்லை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்றும் கேட்பார்கள். 1980இல் உறைய வைத்த செல்லிலிருந்து 2020இல் கர்ட் என்ற காட்டுக் குதிரை பிறந்திருக்கிறது. எப்போதோ செத்த அரசியின் நகல் அரியணைக்கு உரிமை கேட்டு வந்து நிற்கிற மாதிரி ஒரு கதையை இதை வைத்தே தாராளமாக ஓட்டலாம்.

சரி, நினைவு? உட்கருவில் அதற்கு இடமே கிடையாது. அம்மாவின் முகம், கற்ற வாள்வீச்சு, நேற்றைய சண்டை எதுவும் செல் வழியாக வராது. மந்திரத்தை இந்த ஒரு இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உடம்பை அறிவியலிடமே விட்டுவிடுங்கள். நான் நடத்தினால் நினைவை ஒரு கோயில் மணியில் பதிய வைப்பேன். வீரன் கடைசியாக எப்போது மணியைத் தொட்டானோ அதுவரைதான் திரும்பும், அப்புறம் நடந்ததெல்லாம் போச்சு. நாலு வாரம் ஆடி ஒருவன் சேர்த்த நட்பும் சபதமும் அவனுக்கு மட்டும் மறந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற மற்ற நாலு பேருக்கும் நினைவிருக்கிறது என்றால், அதைவிடப் பெரிய பயம் வேண்டுமா?

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். நினைவை ஊற்ற ஒரு வளர்ந்த உடம்பு தயாராக இருக்க வேண்டும், அப்படியானால் அது இருபது வருஷம் எங்கோ வளர்ந்திருக்கிறது. அந்த இருபது வருஷமும் உள்ளே இருந்தவன் யார்? அவனுக்கும் ஒரு பெயரும் மனசும் இருக்குமே. அவனை அழித்துவிட்டுத்தான் உங்கள் வீரன் குடியேறுகிறான். இதை விதிகளில் எழுதாமல் மறைத்து வையுங்கள். முதல் வீரன் செத்துக் கண் விழிக்கும்போது, பக்கத்துக் கட்டிலில் அதே முகத்தோடு ஒருவன் எழுந்து உட்கார்ந்து, "அடுத்து என் முறையா அண்ணா?" என்று கேட்கட்டும்.