இறக்கை ரிவெட்: துளைக்க முன் அளந்து பாருங்கோ
தம்பி, நீங்கள் கட்டுற கிட் விமானத்தின்ர இறக்கை ரிப்பில (இறக்கைக்கு வடிவம் குடுக்கிற குறுக்குச் சட்டம்) சில ரிவெட் (தகடுகளைப் பிணைக்கிற ஆணி) தலைகள் சரிஞ்சுபோச்சு, எல்லாத்தையும் துளைச்சு எடுக்கவோ எண்டு கேட்டிருந்தீங்கள். அவசரப்படாதேங்கோ. 1/8 அங்குல ரிவெட்டுக்கு நசுக்கின தலையின்ர (நீங்கள் அடிச்சு உருவாக்கின பக்கம்) அகலம் கிட்டத்தட்ட 4.8 மில்லிமீட்டர், உயரம் 1.6. அந்த அளவு இருந்து, தலை தகட்டோட ஒட்டியிருந்தா, கொஞ்சம் சரிஞ்சதை விடலாம். கிட் கையேடு சொல்லுறதுதான் முடிவு.

எடுத்தே ஆகவேணுமெண்டா தொழிற்சாலைத் தலையின்ர (ரிவெட்டோட செஞ்சே வாற மற்றப் பக்கத் தலை) நடுவில, தலையின்ர ஆழத்துக்கு மட்டும் துளைச்சு, அதை நெம்பி உடைச்சிட்டு, பின்பக்கம் தாங்கு குடுத்துத் தண்டைத் தட்டி வெளியில எடுங்கோ. துளை பெருத்தா அதுதான் உண்மையான சேதம். பிரதான ஸ்பாரில (இறக்கையின்ர நீளத்துக்குப் போற முக்கியத் தாங்கு சட்டம்) கைவைக்க முன்னம் படம் எடுத்துக் கிட் கம்பனிக்கு அனுப்புங்கோ.

வெள்ளவத்தை உப்புக்காத்து அலுமினியத்தை அரிக்கும். இறக்கையை மூட முன், வியர்வைக் கைரேகையைத் துடைச்சிட்டு, உள்பக்கம் முழுக்கப் பிரைமர் (அரிப்பைத் தடுக்கிற அடிப்பூச்சு) அடியுங்கோ.