நிலக்காட்சி ஓவியத்தில் பார்ப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது?

மலை, ஆறு, மரம் மட்டுமே உள்ள ஓவியத்தின் முன்னால் மணிக்கணக்கில் நிற்கிறார்களே, அதில் என்ன தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் நெடுநாள் இதே ஐயம் இருந்தது. நிலக்காட்சி என்றால் மளிகைக் கடைக்காரர் தரும் நாள்காட்டியில் வரும் அருவிப் படம் என்பதுதான் என் எண்ணம். அதை மாற்றியது தாமஸ் கோல் 1836-இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ‘ஆக்ஸ்போ’. நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட 193 சென்டிமீட்டர் அகலம், 131 சென்டிமீட்டர் உயரம். நான் அதை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில், திரையில் பெரிதாக்கித்தான் பார்த்தேன்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்தாம்ப்டன் ஊருக்கு எதிரே ஹோலியோக் மலை இருக்கிறது. ஓவியர் நம்மை அதன் உச்சியில் நிறுத்துகிறார். மழை அப்போதுதான் விட்டிருக்கிறது. இடப்பக்கம் கருமேகம், முறிந்து பட்டுப்போன மரம், அடர்ந்த காடு. வலப்பக்கம் கீழே வெயில் விழுந்த சமவெளி: கட்டம் கட்டமாக வயல்கள், வீடுகளின் புகை, ஆற்றில் படகுகள். நடுவில் கனெக்டிகட் ஆறு பெரிய வளையமாகத் திரும்பி ஓடுகிறது. மாட்டின் கழுத்தைச் சுற்றி வளைத்து நுகத்தடியில் மாட்டும் மரத்துண்டுக்கு அங்கே ஆக்ஸ்போ என்று பெயர். நம் வண்டிகளில் பூட்டாங்கயிறு செய்யும் வேலை அது. ஆற்றின் வளைவுக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது.

முதல்முறை இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டாம் முறைதான் அந்தக் குடையைக் கவனித்தேன். பாறை விளிம்பில், காட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு, ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாற்போல் நிற்கிறது. குடை இருந்தால் அதற்கு உரியவர் இருக்க வேண்டுமே! சற்று இடப்பக்கம், கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு தொப்பி. வரைசட்டத்தின் முன்னால் அமர்ந்திருக்கும் ஒரு மனிதர், தூரிகையை நிறுத்திவிட்டுத் திரும்பி நம்மைப் பார்க்கிறார். அது கோல்தான். அவ்வளவு பெரிய படத்தில் ஓர் எறும்பளவுக்குத் தன்னை வரைந்து வைத்திருக்கிறார்.

அவர் உட்கார்ந்திருப்பது காட்டின் பக்கம். பார்த்து வரைந்துகொண்டிருப்பது வயல்களை. எனக்கு இந்த ஓவியத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

கோல் 1801-இல் இங்கிலாந்தின் லங்காஷயரில், பஞ்சாலைகள் பெருகிக்கொண்டிருந்த போல்ட்டனில் பிறந்தவர். துணியில் அச்சிடும் வடிவங்களைச் செதுக்கும் வேலை பழகியவர். 1818-இல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். 1825-இல் ஹட்சன் ஆற்றின் வழியே போய் அவர் வரைந்துவந்த காட்சிகள் நியூயார்க்கில் ஒரு கடைச் சன்னலில் வைக்கப்பட, மூத்த ஓவியர் ஜான் ட்ரம்புல் ஒன்றை வாங்கினார். பெயர் பரவியது. ஆலைப் புகையை அறிந்த பிள்ளை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், காட்டைப் பற்றி அவருக்கு இருந்த பதைப்பு புரியும். 1836-இல் அவர் குடியிருந்த கேட்ஸ்கில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ரயில்பாதைக்காக மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். மனம் நொந்து தன் புரவலர் லூமன் ரீடுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு வெளியான கட்டுரையிலும் கோடரி நாளுக்கு நாள் அழித்துக்கொண்டு போகிறது என்று வருந்தினார். அப்படிப்பட்டவர் வயல்களைக் கரிய நிறத்தில் வரைந்திருக்கலாம். வரையவில்லை. வெயிலையெல்லாம் அவற்றின் மேல்தான் கொட்டியிருக்கிறார். இந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

தூரத்து மலைச்சரிவில் மரம் வெட்டிய தழும்புகள் தெரியும். அவை ஹீப்ரு எழுத்துகள் என்று சில ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். என் கண்ணுக்கு அவை வெட்டுக்காயங்களாகத்தான் படுகின்றன, அதுவே போதுமான கனமாகவும் இருக்கிறது. ஒரு குறையும் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கில் முன்பே வாழ்ந்த நோனோடக் பூர்வகுடிகளின் சுவடு ஒன்றுகூடப் படத்தில் இல்லை. யாருமற்ற காடு போலவே அது காட்டப்பட்டிருக்கிறது.

இனி, என்னை உறைய வைத்த செய்தி. 1840-இல் வந்த வெள்ளம் அந்த வளைவின் குறுகிய கழுத்தை அறுத்துக்கொண்டு நேராக ஓடிவிட்டது. கோல் வரைந்து நான்கே ஆண்டுகள்! ஆறு கைவிட்டுப் போன வளைவைப் பள்ளியில் ‘குருட்டு ஆறு’ என்று படித்தோமே, அதன் கதை இதுதான். இன்று அவ்விடத்தில் நெடுஞ்சாலை 91 போகிறது.

உங்களுக்கு நேரம் இருந்தால் அருங்காட்சியகத்தின் தளத்தில் இதைத் திறந்து பாருங்கள். ஆற்றை அப்புறம் பார்க்கலாம். முதலில் கீழ்ப்பகுதியைப் பெரிதாக்கி அந்தத் தொப்பியைத் தேடுங்கள். அருகிலேயே அவருடைய ஓவியத்தாள் உறை கிடக்கும்; அதன் மேல் கையெழுத்து இருக்கும்.