2023 உலகத் தடகளப் போட்டியில் டவுசாகா வட்டு எறிதல் தங்கம் வென்றது வெறும் அதிர்ஷ்டமா? ஒரே எறியில் நான்கு மீட்டர் முன்னேற முடியுமா?

முடியும். அதிர்ஷ்டம் இல்லை. வேறு விளையாட்டைப் பற்றிய கேள்வியாக இருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன். நான் பள்ளியிலும் கல்லூரியிலும் வட்டு எறிந்தவள், இப்போது ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அதனால் இதை அப்படி விட மனசு வரவில்லை.

போட்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 ஆகஸ்ட் 22, புடாபெஸ்ட். அமெரிக்காவின் லாவுலாவுகா டவுசாகா அங்கே வந்தபோது அவருடைய வாழ்நாள் சிறந்த தூரம் 65.46 மீட்டர். எதிரே டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வென்ற வேலரி ஆல்மன், 2022 உலகச் சாம்பியனான சீனாவின் ஃபெங் பின். டவுசாகாவின் முதல் எறி 52 மீட்டர் சொச்சம்தான். ஐந்தாவது சுற்றில் 69.49 விழுந்தது. ஆல்மனுக்கு 69.23, வெள்ளி. ஃபெங் பின்னுக்கு 68.20, வெண்கலம். அதற்கு முன் எந்த அமெரிக்கப் பெண்ணும் உலகப் போட்டியில் வட்டு எறிதல் தங்கம் வாங்கியதில்லை.

நான்கு மீட்டர் என்றதும் மலைப்பாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 65இலிருந்து 69 என்பது நூற்றுக்கு ஆறு பங்கு முன்னேற்றம். வட்டு கையை விட்டுக் கிளம்பும் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டித்தான் தூரம் கூடும். அதனால் வேகத்தில் நூற்றுக்கு மூன்று கூடினாலே ஏறத்தாழ இந்தத் தூரம் கிடைத்துவிடும். கோணமும் வட்டு காற்றில் சாயாமல் போவதும் சரியாக அமைந்தால் அந்த மூன்றுகூட வேண்டாம். இரண்டரை மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் ஒன்றரைச் சுற்று சுற்றி வருகிறோம். அதில் இடுப்பு ஒரு கணம் முந்தினால் ஒரு தூரம், தோள் முந்தினால் வேறு தூரம்.

இன்னொன்று, எறியாதவர்களுக்குத் தெரியாதது. எங்களுடைய பெரிய எறிகள் பெரும்பாலும் அளக்கப்படுவதே இல்லை. வலையில் மோதும், செக்டார் கோட்டுக்கு, அதாவது வட்டு விழ வேண்டிய பகுதியின் எல்லைக் கோட்டுக்கு, வெளியே விழும், இல்லை கால் வட்டத்தைத் தாண்டிவிடும். சிவப்புக் கொடி தூக்கினால் அந்த எறி நடக்காததுபோல ஆகிவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உலகச் சாம்பியனோடு என்னை ஒப்பிடுகிறேன் என்று யாரும் கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வர வேண்டாம். தூரம் வேறு, வேலை ஒன்றுதான்.

பிளஸ் டூ படிக்கும்போது என் வட்டு கையை விட்டுத் தாமதமாகவே கிளம்பும். வலது கைக்காரி, அதனால் இடது கோட்டுக்கு வெளியே போய் விழும். எங்கள் பள்ளி மைதானத்தில் இடப்பக்கம் சோளக்காடு. எங்கள் பி.டி. மிஸ் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காட்டுக்குள் விழுந்த இடத்திலும் ஒரு வேப்பங்குச்சியை நட்டு வைக்கச் சொல்வார். சாயங்காலம் டேப்பை இழுத்து அதையும் அளந்து நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுவார். அந்தப் பக்கத்து எண்கள் எப்போதும் பெரிதாக இருக்கும். "உன்கிட்ட இந்தத் தூரம் இருக்குது கண்ணு. பின்னாடி பொறுமையா கிளம்பு, முன்னாடி வந்து வேகம் எடு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்வார்.

மாநில அளவிலான பள்ளிப் போட்டியில் அது கைகூடியது. ஆள்காட்டி விரல் வழியாக வட்டு உருண்டு கிளம்பியதுமே தெரிந்துவிட்டது. வெள்ளைக் கொடி. வட்டு விழுந்த தடத்தில் ஒருவர் கம்பியைக் குத்தி டேப்பின் நுனியைப் பிடித்தார். இந்தப் பக்கம் வட்டத்தின் மையத்தின் மேல் டேப்பை இழுத்து, வளையத்தின் உள்விளிம்பில் குனிந்து படித்தவர் மறுபடியும் படித்தார். என் பெயருக்கு நேரே அதுவரை பதிவாகியிருந்ததைவிட ஐந்து மீட்டருக்குமேல் கூடுதல்.

கைதட்டல் வரவில்லை. "அந்தத் தட்டை எடை போடுங்க" என்றது ஒரு குரல். போட்டார்கள், ஒரு கிலோ சரியாக இருந்தது. "காத்து தூக்கிட்டுப் போச்சு" என்றார் இன்னொருவர். வட்டுக்கு எதிர்க்காற்று உதவும் என்பது உண்மைதான். ஆனால் அன்று மைதானத்துக் கொடிகள் அசையாமல் தொங்கின. பிறகு வயதுச் சான்றிதழைக் கேட்டார்கள். மிஸ் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனார். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. தங்கம் கொடுத்தார்கள். வேலிக்கு வெளியே நின்ற அப்பாவின் காதில் கடைசியாக விழுந்தது "ஏதோ ஊசி போட்டிருப்பாங்க" என்ற பேச்சுதான். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஊக்கமருந்தைப் பற்றிப் பேசாமல் தப்பிக்கிறேன் என்று சொல்வீர்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். டோக்கியோ தகுதிச் சுற்றில் 64 மீட்டர் எறிந்து நம் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்த கமல்ப்ரீத் கவுர் 2022இல் சோதனையில் சிக்கினார், மூன்று ஆண்டுத் தடை வந்தது. எனக்கு அது சொந்த வீட்டு இழப்பு மாதிரி இருந்தது. சோதனை வேண்டும், கடுமையாகவே வேண்டும். ஆனால் சோதனையில் சிக்காத ஒரு பெண்ணை, திடீரென்று நன்றாக எறிந்தாள் என்பதற்காகவே சந்தேகிப்பது அநியாயம். 2008 பெய்ஜிங்கில் ஸ்டெஃபனி பிரவுன் டிராஃப்டன் முதல் எறியிலேயே 64.74 எறிந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அதற்கு முந்தைய ஏதென்ஸில் அவர் தகுதிச் சுற்றைக்கூடத் தாண்டவில்லை. 2024 பாரிஸில் ஜமைக்காவின் ரோஜே ஸ்டோனா சரியாக 70.00 மீட்டர் எறிந்து, உலகச் சாதனையாளர் மிகோலாஸ் அலெக்னாவை வெறும் 3 சென்டிமீட்டரில் முந்தினார். ஓட்டக்காரர்களின் நாடு என்றே பேர் வாங்கிய ஜமைக்காவுக்கு எறிதலில் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. இந்த விளையாட்டில் இப்படி நடந்துகொண்டேதான் இருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எழுதிக்கொள்கிறார்கள். நான் வேலை பார்த்த பள்ளிகளில் எல்லாம் இதே கதை. கேட்டால் "ரிசல்ட் முக்கியம் டீச்சர்" என்பார்கள். உடம்பு தயாராகிற வயதில் பிள்ளைகளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஒலிம்பிக் சமயத்தில் நம் நாட்டுக்கு ஏன் பதக்கம் இல்லை என்று டிவி முன்னால் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

டவுசாகாவுக்கே வருகிறேன். 2024 ஜூனில் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியின் இறுதியில் அவருடைய மூன்று எறிகளும் ஃபவுல். உலகச் சாம்பியனாக இருந்தும் பாரிஸுக்குப் போக முடியவில்லை. அதிர்ஷ்டக்காரி என்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. முழு வேகத்தில் சுழன்று எறிபவருக்கு 69உம் வரும், சிவப்புக் கொடியும் வரும். பாதுகாப்பாக எறிந்திருந்தால் புடாபெஸ்டில் அந்தத் தங்கமே கிடைத்திருக்காது.

நீங்களும் எறிபவராக இருந்து, யாரோ உங்களை இப்படிப் பேசியதால்தான் கேட்டீர்கள் என்றால்: பயிற்சியில் செக்டாருக்கு வெளியே விழுவதையும் அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். வலை இல்லாத மைதானத்தில் சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்க்காமல் வட்டைக் கையில் எடுக்காதீர்கள்.