பல் மருத்துவம் முதலாண்டு: நகையை அடகு வைக்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: என் மகளுக்குத் தனியார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் அரசு ஒதுக்கீட்டில் பி.டி.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. ஆண்டுக் கட்டணம் இரண்டரை லட்சம் ரூபாய் என்று சொல்லியிருக்கிறார்கள். கணவர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். இரண்டும் சேர்ந்து ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் இவள்தான். கட்டணத்துக்கு மேல் என்னென்ன செலவு வரும்? கடைக்காரர் ஒருவர் ஐந்து ஆண்டுக்கும் தேவையான கருவிகள் அடங்கிய பெட்டியை 40,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். நகையை அடகு வைத்து வாங்கிவிடலாமா? வகுப்பு தொடங்க ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் அவள் எதைப் படிக்கலாம்? பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள்.
- விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

முதலாண்டு மாணவர்களுக்குப் பல் செதுக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்தில், பளபளக்கும் பெட்டியோடு நான்கைந்து பிள்ளைகள் ஆய்வகத்துக்கு வருவார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வேண்டியது ஒரு மெழுகுக் கட்டியும் ஒரு செதுக்கு கருவியும்தான். மிச்சமெல்லாம் விடுதி அறையில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். ஒரு மாணவன் இரண்டாம் ஆண்டில் பெட்டியைத் திறந்தபோது பாதிக் கருவிகள் துருப்பிடித்திருந்தன. துறையில் கேட்ட அளவுக்கும் பெட்டியில் இருந்ததற்கும் பொருத்தமே இல்லை. அவனுடைய தந்தை அதை வட்டிக்கு வாங்கிய பணத்தில் எடுத்துக்கொடுத்திருந்தார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஏன் அவசரமில்லை என்று சொல்கிறேன். பி.டி.எஸ். நான்கு ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் கொண்டது. முதலாண்டு இறுதியில் பல்கலைக்கழகத் தேர்வுக்கு வருபவை மூன்று பாடங்கள். கரு வளர்ச்சியைச் சொல்லும் கருவியலும் திசுவியலும் சேர்ந்த உடற்கூறியல் ஒன்று. உடலியங்கியலும் உயிர்வேதியியலும் சேர்ந்தது இன்னொன்று. பல்லின் அமைப்பையும் வாய்த் திசுக்களையும் படிக்கும் பாடம் மூன்றாவது. பல் மருத்துவப் பொருள்கள், செயற்கைப் பல் கட்டும் ஆய்வகப் பயிற்சி ஆகியவை முதலாண்டிலேயே தொடங்கினாலும் தேர்வு இரண்டாம் ஆண்டில்தான். பல்லைக் குடைந்து அடைக்கும் பயிற்சியும் இரண்டாம் ஆண்டில் வருவது. ஆகவே பெட்டியின் விலையை ஏற்றும் சுழல் கருவி, அதில் பொருத்தும் குடையும் முனைகள், மாதிரித் தாடை ஆகியவற்றுக்கு உங்கள் மகள் ஓராண்டு காத்திருக்கலாம். நோயாளியின் வாயைத் தொடுவது மூன்றாம் ஆண்டில்.

முதல் மாதத்துக்கு என்ன வேண்டும்? முழுக்கை வைத்த வெள்ளைக் கோட்டு இரண்டு. இதை நீங்களே தைத்துவிடலாம், ஆனால் கல்லூரி சொல்லும் அளவையும் பட்டையையும் கேட்டுக்கொண்டு தையுங்கள். செதுக்கு கருவிகள் மூன்று நான்கு, மெழுகுக் கட்டிகள், எஃகு அளவுகோல், ரெக்கார்டு நோட்டுகள், திசுவியல் படம் வரைய இளஞ்சிவப்பு, ஊதா நிறப் பென்சில்கள். அவ்வளவுதான். அடுத்த சில மாதங்களில் ரப்பர் கிண்ணம், பிளாஸ்டர் கலக்கும் கரண்டி, கண்ணாடிப் பலகை, மெழுகுக் கத்தி, ஸ்பிரிட் விளக்கு, பல்லில்லாத் தாடையின் ரப்பர் அச்சுகள், பல் செட்டுகள், ஆர்ட்டிகுலேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஆர்ட்டிகுலேட்டர் என்பது மேல் தாடையும் கீழ்த் தாடையும் திறந்து மூடுவதைப் போலச் செய்யும் உலோகச் சட்டம். அது கேட்கப்படும் வாரத்தில் வாங்கினால் போதும்.

இவற்றில் பாதியைப் பழையதாகவே வாங்கலாம். இரண்டாம் ஆண்டு முடித்த மாணவிகள் ரப்பர் கிண்ணத்தையும் ஆர்ட்டிகுலேட்டரையும் என்ன செய்வதென்று தெரியாமல்தான் வைத்திருப்பார்கள். வாங்குமுன் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. ஆர்ட்டிகுலேட்டரை மூடி, மேல் கையை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கீல் ஆடினால் வேண்டாம். அதில் கட்டும் பல்வரிசை ஒருநாளும் சரியாகச் சேராது. செதுக்கு கருவியின் முனையை நகத்தின் மேல் மெல்ல இழுத்தால் வழுக்காமல் சற்றே பிடிக்க வேண்டும். மெழுகையும் பிளாஸ்டரையும் நான்கு பேராகச் சேர்ந்து மொத்தமாக வாங்குவது நல்லது. மண்டையோடு, எலும்புகளை விலைக்கு வாங்கவே வேண்டாம். துறையிலும் நூலகத்திலும் இருக்கும். இல்லாவிட்டால் சீனியர்களிடம் இரவல் கிடைக்கும்.

பிடுங்கிய பற்களைச் சேகரித்து வரச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு. அதற்காக யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். ஊரில் தெரிந்த பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் சேர்த்துத் தருவார். ஆனால் அவை நோய் பரப்பக்கூடியவை. துறையில் சொல்லும் முறைப்படி கிருமி நீக்கிய பிறகே, கையுறையோடு தொட வேண்டும். காகிதத்தில் மடித்துப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் வேண்டாம்.

இனிப் பணக் கணக்கு. கல்விக் கட்டணம் போக, முதலாண்டில் கருவிகளுக்கும் பொருள்களுக்குமாக 20,000 ரூபாய் ஒதுக்குங்கள். முதல் மாதத்தில் அதில் கால்வாசிக்கு மேல் செலவழிக்க வேண்டாம். புத்தகங்களுக்கு 6,000 போதும். பாதியை நூலகத்திலும் சீனியர்களிடமும் பெறலாம், பழைய பதிப்பாக இருந்தாலும் எலும்பும் பல்லும் மாறிவிடுவதில்லை. பல்கலைக்கழகப் பதிவு, தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு ஆகியவற்றுக்கு 10,000 தனியே இருக்கட்டும். இவை என் அனுபவக் கணக்கு. கல்லூரிக்குக் கல்லூரி கூடும், குறையும். விடுதியும் உணவும்தான் பெரிய தொகை. பஸ்ஸில் போய்வந்தால் மிச்சமாகுமே என்று தோன்றும். ஒரு வழிப் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால், முதலாண்டிலாவது விடுதியில் விடுங்கள் என்பதே என் கருத்து. மாலை ஐந்து மணிக்கு ஆய்வகம் விட்டபின் ரெக்கார்டு எழுதவும் செதுக்கவும் வேண்டியிருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டு அதைச் செய்ய முடியாது.

தனியார் கல்லூரியின் கல்விக் கட்டணத்தை அதற்கான அரசுக் குழு நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் எது கேட்டாலும் இன்ன தலைப்பில் என்று எழுதிய ரசீது வாங்குங்கள். வைப்புத்தொகை என்றால் படிப்பு முடிந்ததும் திரும்ப வரும் பணம். அந்த ரசீதை ஐந்து ஆண்டும் பத்திரமாக வைக்க வேண்டும். பயிற்சி ஆண்டுக்கும் கட்டணம் உண்டா, இடையில் நின்றால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டையும் சேர்க்கை நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நீங்கள் அதைக் குறிப்பிடாததால் உங்கள் மகள் அந்தப் பிரிவில் இல்லை என்று கொள்கிறேன். பட்டியல் இனத்தவர், பழங்குடியினராக இருந்து பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. உங்களுக்குப் பொருந்துவது முதல் பட்டதாரிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து இப்போதே வாங்கிவிடுங்கள். அதை வைத்து என்ன சலுகை கிடைக்கும் என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். வருமானச் சான்றிதழும் புதிதாக எடுத்தது வேண்டும். அது கல்விக் கடனுக்கும் உதவும்.

கடன் வாங்கத் தயங்காதீர்கள், ஆனால் கணக்குத் தெரிந்து வாங்குங்கள். வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கொடுக்க மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. 4 லட்சம் வரை கையிலிருந்து பங்கு போட வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் 5 சதவீதம் உங்கள் பங்கு. படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் வட்டி அந்த நாள்களிலும் ஓடிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு 1.75 லட்சம் வீதம் நான்கு முறை, மொத்தம் 7 லட்சம் வாங்கினால், 10 சதவீதத் தனிவட்டியில் ஆறாம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 3.15 லட்சம் சேர்ந்திருக்கும். முதல் தவணைப் பணத்துக்கு ஆறு ஆண்டு, கடைசித் தவணைக்கு மூன்று ஆண்டு வட்டி. அப்படித்தான் அந்தத் தொகை வருகிறது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு அந்தக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு. உங்கள் வருமானம் அந்த வரம்புக்குள் வருகிறது. ஆனால் கல்லூரிக்கும் சில நிபந்தனைகள் உண்டு என்பதால், விண்ணப்பிக்கும்போதே வங்கியில் இதைக் கேளுங்கள். பிறகு கேட்டால் வாய்ப்பு நழுவிப்போகும்.

இன்னொன்றையும் பெரும்பாலான பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். கல்விக் கடனில் கல்லூரிக் கட்டணம் மட்டுமல்ல, விடுதி, புத்தகம், கருவிகள் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கலாம். கல்லூரியிடம் ஆண்டுவாரியான செலவுப் பட்டியலை முத்திரையோடு வாங்கி விண்ணப்பத்தில் இணையுங்கள். பட்டியலில் கருவிச் செலவு இல்லாவிட்டால் அதைச் சேர்த்துத் தரும்படி கேளுங்கள். அந்த ஒரு வரிதான் நகையைக் காப்பாற்றும்.

ஐந்து வாரத்தில் அவள் என்ன செய்யலாம்? பாடப்புத்தகத்தை இப்போதே மனப்பாடம் செய்ய வேண்டாம். கைக்குப் பழக்கம் கொடுக்கட்டும். இதில் உங்கள் உதவி வேறு யாருடையதையும்விடப் பெரிது. துணியை அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, அதன் பிறகுதானே கத்தரிக்கோலை எடுப்பீர்கள்? பல் செதுக்குவதும் அதே வரிசைதான்.

மேல் வரிசையின் நடு முன்பல்லை எடுத்துக்கொள்வோம். பாடநூல்கள் தரும் சராசரிப்படி அதன் வெளித்தெரியும் பகுதி 10.5 மில்லிமீட்டர் உயரம், 8.5 அகலம், வேர் 13. மூன்று மடங்காக்கினால் இரண்டரை சென்டிமீட்டர் அகலம், ஏழு சென்டிமீட்டர் நீளம். ஒரு குளியல் சோப்புக்குள் அடங்கிவிடும். புதிய சோப்பாக இருக்கட்டும், காய்ந்தது உடையும். நான்கு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, முதலில் முன்னிருந்து பார்க்கும் வடிவத்தை வெட்ட வேண்டும். பிறகு சோப்பைத் திருப்பிப் பக்கவாட்டு வடிவம். மூலைகளை உருட்டுவது கடைசியில்தான். அவசரக்காரர்கள் உருட்டலில் தொடங்குவார்கள். பத்தே நிமிடத்தில் அளவு கைவிட்டுப் போய்விடும். கோடு போடாமல் கத்தியை எடுத்தால் நீங்கள் தடுங்கள். அதிகம் வெட்டிவிட்டால் ஒட்ட வழியில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

தமிழ் வழியில் படித்தவள் என்பது பற்றிக் கவலை வேண்டாம். முதலாண்டின் சொற்களில் பாதி இலத்தீனும் கிரேக்கமும்தான். ஆங்கில வழியில் வந்தவர்களுக்கும் அவை புதியவையே. சொல்லை வாயில் தேடிப் பழகட்டும். மீசியல் என்றால் முகத்தின் நடுக்கோட்டைப் பார்த்த பக்கம், டிஸ்டல் என்றால் அதற்கு அப்பால் உள்ள பக்கம், பக்கல் கன்னத்தைத் தொடுவது, லிங்குவல் நாக்கைத் தொடுவது. மேல் முன்பல்லின் பின்புறம், ஈறுக்கு அருகில் நாக்கு நுனியை வைத்தால் ஒரு சிறு மேடு தட்டுப்படும். அதுதான் சிங்குலம். இப்படி நாக்கால் தொட்டுக் கற்ற சொல் மறக்காது. உடற்கூறியலுக்குத் தினமும் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்தால் வாய்மொழித் தேர்வில் நாக்கு தடுமாறாது.

வகுப்புகள் தொடங்கியபின் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் முதலாண்டுப் பாடங்கள் எல்லாவற்றிலும் தேறாவிட்டால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள் என்பதும் விதி. பயமுறுத்தச் சொல்லவில்லை, ஒரு பாடத்தில் தவறினால் அடுத்த ஆண்டுக்குப் போகவும் வழி இருக்கிறது. ஆனால் தவறும் ஒவ்வொரு பாடமும் தேர்வுக் கட்டணத்தையும் நேரத்தையும் தின்னும்.

போகும் முன் ஒரு கண் பரிசோதனை செய்துவிடுங்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டிய வேலை இது. இடக்கைப் பழக்கம் உள்ளவளாக இருந்தால் முதல் வாரமே ஆசிரியரிடம் சொல்லட்டும். உட்காரும் இடமும் வெளிச்சம் விழும் பக்கமும் மாற வேண்டியிருக்கும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி சிறுவயதில் போட்டதற்கான அட்டை இருந்தால் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் இப்போது முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. அதன்பின் ஓரிரு மாதத்தில் எதிர்ப்பாற்றல் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். நோயாளிகளிடம் போக இரண்டு ஆண்டு இருக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். பிடுங்கிய பற்களைக் கையாளும் வேலை முதலாண்டிலேயே வந்துவிடுகிறது.

செதுக்கிய முதல் சோப்புப் பல்லை எறிந்துவிடாமல் தேதி எழுதி ஒரு டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது வாரம் செதுக்கியதை அதன் பக்கத்தில் வைத்து, உங்கள் அளவு நாடாவால் நீங்களே இரண்டையும் அளந்து பாருங்கள்.