1000 மெகாபிட் இணைப்பில் 94தான் வருகிறது: வழக்குப் போடலாமா?

கேள்வி: நொடிக்கு 1000 மெகாபிட் 'வரை' என்ற திட்டத்தில் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கினேன். என் அறையில் கம்ப்யூட்டரை கேபிளில் இணைத்துச் சோதித்தால் காலையோ நள்ளிரவோ 94தான் காட்டுகிறது. தங்கள் பக்கம் கோளாறு இல்லை என்கிறது நிறுவனம். விலகினால் மீதி ஒப்பந்தக் காலத்துக்கும் பணம் கட்டச் சொல்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போட உரிமை உண்டு, ஆனால் இன்றைய நிலையில் போடாதீர்கள். அந்த 94 உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

வெளியே, நிறுவனத்தின் நெட்வொர்க்கில், நெரிசல் என்றால் வேகம் ஏறி இறங்கும். எந்நேரமும் 94இல் நிற்கிறது என்றால், வழியில் ஏதோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது என்றே பொருள் (அதில் கொஞ்சம் தரவை அனுப்பும் வேலைக்கே போய்விடும்). ஜிகாபிட், அதாவது 1000 மெகாபிட், வேகத்துக்கு நெட்வொர்க் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100க்கு இரண்டு ஜோடி போதும். சுவருக்குள் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தாலும், நடுவில் இணைப்பைப் பல சாதனங்களுக்குப் பிரித்துத் தரும் பழைய நெட்வொர்க் ஸ்விட்ச் இருந்தாலும் இதே எண்தான் வரும்.

அடுத்த கேள்வி, அந்தக் கேபிள் யாருடையது? நிறுவனத்தின் பொறுப்பு எங்கே முடிகிறது என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பெரும்பாலும் ஃபைபர் வந்து சேரும் பெட்டியோடு முடியும். அறைக்குப் போகும் கேபிளை நீங்கள் போட்டிருந்தால் வழக்கு நிற்காது. அதை அவர்கள் ஆளே போட்டிருந்தாலோ, அவர்கள் தந்த ரவுட்டரில் 100 மெகாபிட் போர்ட்தான் (கேபிள் செருகும் துளை) இருந்தாலோ, அது அவர்கள் குறை. வாதம் அப்படியே உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

எனவே ஜிகாபிட் போர்ட் உள்ள லேப்டாப்பை, நல்ல கேபிளில், அந்தப் பெட்டியிலேயே நேராக இணைத்துச் சோதியுங்கள். மற்ற சாதனங்களைத் துண்டித்துவிடுங்கள். வைஃபை அளவீடு வேண்டவே வேண்டாம். 930, 940 வந்தால் பெட்டி வரை முழு வேகம் வருகிறது என்று பொருள்; அறைக்குப் போகும் கேபிளை மாற்றுங்கள், வழக்குச் செலவு மிச்சம்.

அங்கேயும் குறைந்தால் சரி, இனி ஆதாரம் சேர்க்கலாம். ஒரு நாள் ஸ்க்ரீன்ஷாட் போதாது. ஜெர்மனியில் கட்டணக் குறைப்புக் கேட்க மூன்று வெவ்வேறு நாட்களில் 30 அளவீடுகளை, கேபிள் வழியாக, எடுக்கச் சொல்கிறார்கள். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த ஒழுங்கைப் பின்பற்றலாம்.

'வரை' என்ற சொல்லைப் பார்த்துச் சோர வேண்டாம். ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வேகம் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி வீட்டு இணைப்பு ஒப்பந்தங்களில் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அப்படி ஓர் எண் இருந்தால், உங்கள் வழக்கின் உயிர் அதுதான்.

அப்புறம் அளவீடுகளை இணைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். இத்தனை நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் விலகல் கட்டணமின்றி விடுவிக்க வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். தொலைபேசியில் பேசியிருந்தால் புகார் எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். மாதக் கட்டணத்தை மட்டும் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால், ஒப்பந்தத்தை மீறியது நீங்கள்தான் என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.