ஓவியத்தின் நடுவில் வெள்ளைத் திட்டு ஏன் விழுகிறது?

கேள்வி: ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் இருக்கிறேன். 2×3 அடி அக்ரிலிக் கடல் ஓவியங்களை வடக்குத் திண்ணையில் சாய்த்து வைத்து, ட்ரைபாடில் கேமராவைப் பொருத்திப் படம் எடுக்கிறேன். வெள்ளைத் திட்டு விழுகிறது, ஒரு பக்கம் குறுகுகிறது, கடலின் பச்சை நீலமாகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: திட்டுக்குக் காரணம் கேமரா இல்லை, அதற்குப் பின்னால் இருப்பதுதான். கையகலக் கண்ணாடி ஒன்றைத் திட்டு விழும் இடத்தில் ஒட்டப் பிடித்து வியூஃபைண்டரில் பாருங்கள். வெயில் பட்ட மணலோ, வெள்ளையடித்த மதிலோ அதில் தெரியும். தெரிவதை மறைத்துவிடுங்கள். கேமராவுக்குப் பின்னால் கொடி கட்டிக் கறுப்புத் துணி ஒன்று, ஓவியத்துக்கு முன் தரையில் இன்னொன்று. தரைத் துணியைப் பலரும் மறந்துவிடுவார்கள். மணலில் பட்டு மேலே எகிறும் வெளிச்சம் ஓவியத்தின் கீழ்ப்பாதியை மட்டும் மஞ்சளாக்கிவிடும்.

கோணலுக்கும் அதே கண்ணாடிதான். ஓவியத்தின் நட்டநடுவில் வைத்து, லென்ஸின் பிம்பம் ஃபிரேமின் மையத்துக்கு வரும்வரை ட்ரைபாடை நகர்த்துங்கள். கேன்வாஸ் சாய்ந்திருந்தால் கேமராவும் அதே அளவு கவிழ்ந்திருக்க வேண்டும். லென்ஸை 18 மி.மீ.யில் (அகலக் கோணம்) வைத்துக் கிட்டப் போனால் விளிம்பு வளையும். ஏபிஎஸ்-சி கேமராவில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ளது) 50 மி.மீ. வைத்து எட்டடி தள்ளி நின்றால் மூன்றடி கேன்வாஸ் தாராளமாக அடங்கும். எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளியுணர்வு), ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு), 2 விநாடி டைமர் வையுங்கள்; கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள்.

நிழலில் விழுவது பெரும்பாலும் வானத்தின் வெளிச்சம். அதில் நீலம் தூக்கல். சாம்பல் அட்டையை ஓவியம் இருக்கும் இடத்திலேயே பிடித்து கஸ்டம் வைட் பேலன்ஸ் (அந்த வெளிச்சத்துக்கேற்ற நிறச் சமன்) எடுங்கள். திண்ணை டியூப்லைட் எரியக் கூடாது.

வடக்கு வெளிச்சம்தான் உத்தமம் என்பது குளிர்நாட்டுக்காரர்களின் பாடம். நமக்குச் சித்திரை முதல் ஆவணி நடுவரை உச்சிவேளைச் சூரியன் வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் நண்பகலில் தெற்குத் திண்ணைக்கு மாறுங்கள்.

கச்சான் காற்று வீசும்போது ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாமல், அதன் கொக்கியில் கனமான பையைத் தொங்கவிடுங்கள். கால்கள் மணலில் புதையாமல் சிமென்ட் தரையில் நிற்கட்டும்.

வார்னிஷ் பூசுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், பளபளப்பு வார்னிஷ் பூசினால் திட்டு இன்னும் கூடும். வேலை முடிந்ததும் ட்ரைபாட் கால்களை முழுக்க இழுத்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் மடக்குங்கள். உப்பு முதலில் பிடிப்பது கால் பூட்டுகளைத்தான்.