ஒரு பகல் மட்டும் கரையில்: மலேரியா மாத்திரை வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 58, கணவருக்கு 66. ஜனவரியில் கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸில் கப்பல் ஏறி, மேற்கு ஆப்பிரிக்காவில் செனகலின் டக்கார், காம்பியாவின் பாஞ்சுல் வரை போய்த் திரும்புகிறோம். திரும்பி இறங்கிய மறுநாளே சென்னைக்கு விமானம். பாஞ்சுலில் ஊர் சுற்றாமல் ஒரு பகல் முழுக்கக் கடற்கரையில் ஓய்வாக இருக்க ஆசைப்படுகிறோம். தூங்குவது கப்பலில்தான். இதற்கும் மலேரியா மாத்திரை, தடுப்பூசி எல்லாம் தேவையா? கணவர் பல வருடங்களாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறார். பாதங்களில் கொஞ்சம் மரத்துப்போன உணர்வு உண்டு.
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் ஒரு நாள்தானே என்று பார்க்காதீர்கள். எந்த நேரத்தில் கரையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசு அந்தியில் தொடங்கி விடியும்வரை கடிக்கும். ஜனவரியில் பாஞ்சுலில் சூரியன் மறைய ஏறக்குறைய ஏழு மணி ஆகும். ஐந்து மணிக்குள் கப்பலுக்குத் திரும்பி, இருட்டும் முன் கப்பலும் புறப்பட்டுவிடும் என்றால் மாத்திரையை நான் வற்புறுத்த மாட்டேன். டக்காரிலோ பாஞ்சுலிலோ இரவு துறைமுகத்திலேயே நிற்குமானால் கதை வேறு. மேல்தளத்தில் காற்று வாங்குவதும் பால்கனிக் கதவைத் திறந்து வைப்பதும் கரையில் இருப்பதற்குச் சமம்தான். அங்கே மழைக்காலத்தை ஒட்டித்தான் மலேரியா அதிகம் பரவும். ஜனவரியில் குறையும், ஆனால் அற்றுப்போவதில்லை.

கப்பல் இரவில் துறைமுகத்தில் நிற்குமானால் உங்கள் மருத்துவரிடம் அட்டோவகோன்-புரோகுவானில் அல்லது டாக்ஸிசைக்ளின் பற்றிக் கேளுங்கள். முன்னதை ஊர் திரும்பியபின் ஏழு நாள் தொடர்ந்தால் போதும். பின்னதை நான்கு வாரம் தொடர வேண்டும். டாக்ஸிசைக்ளின் சாப்பிடுபவரின் தோல் வெயிலில் எளிதில் வெந்துவிடும். கடற்கரையில் பகல் முழுக்கக் கிடக்க நினைப்பவருக்கு அது பொருத்தமான மருந்தல்ல. மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அதனால் முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்தபின் டீட் கலந்த கொசுவிரட்டி என்று பூசிக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் தயங்க இடமில்லை. செனகலிலிருந்து வருபவர்களிடம் காம்பியா சான்றிதழ் கேட்கும். இந்தியாவும் கேட்கும். அந்த நாடுகளிலிருந்து புறப்பட்டு 6 நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்குபவர்களைத் தனிமைப்படுத்தி வைப்பார்கள், உங்கள் விமானமோ அந்தக் கெடுவுக்குள் வருகிறது. ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுமைக்கும் செல்லும். கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். உங்களைவிட உங்கள் கணவரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். 60 வயதுக்கு மேல் முதன்முறையாக இந்த ஊசி போடுபவர்களுக்கு, அரிதாக வரும் கடுமையான பக்கவிளைவுகள் இளையவர்களைவிடக் கூடுதலாக வருகின்றன. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து, தைமஸ் சுரப்பிக் கோளாறு, முட்டை ஒவ்வாமை இவற்றில் ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லட்டும். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்பே இந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும்.

கொசுவைவிட எனக்குக் கவலை தருவது அவருடைய பாதங்கள். மரத்துப்போன பாதத்துக்கு மணலின் சூடு தெரியாது. வெறுங்காலில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து, மாலையில் கொப்புளத்தைக் கண்ணால் பார்த்துத்தான் காயம் பட்டதையே அறிவார். நாய்கள் திரியும் மணலில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருக்கும். அவை தோலுக்குள் புகுந்தால் சில நாட்களில் சிவந்த கோடு வளைந்து வளைந்து ஊரும், அரிப்பு தாங்காது. மணலில் வாழும் ஒருவகைத் தெள்ளுப்பூச்சி கால்விரல் நகத்தோரம் புகுந்து, நடுவில் கரும்புள்ளியோடு வெள்ளையாக ஒரு கட்டிபோல் நிற்கும். மற்றவர்களுக்கு இவை சின்னத் தொல்லை. சர்க்கரை நோயாளிக்கு அந்தத் துளையே சீழ்ப்புண்ணாக மாறலாம். கடலுக்குள் இறங்கும்போதும் காலை மூடும் செருப்போ ரப்பர் ஷூவோ போடட்டும். மணலில் துண்டு விரித்துப் படுக்க வேண்டாம், சாய்வு நாற்காலியில் படுக்கலாம். ஈரத் துண்டையும் உள்ளாடையையும் மணலிலோ செடியின் மேலோ காயப்போடாதீர்கள். ஆப்பிரிக்காவின் தும்பு ஈ அவற்றில் முட்டையிடும், அதன் புழு தோலுக்குள் வளரும். மாலை அறைக்கு வந்ததும் நல்ல வெளிச்சத்தில் அவர் பாதங்களை, விரலிடுக்கு உட்பட, நீங்களே பாருங்கள்.

கிளிமெபிரைடு சாப்பிடுபவர் வெயிலில் நீந்திவிட்டு மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். குளுக்கோஸ் பொட்டலம் பையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். ஒரே பானையில் மீனும் அரிசியும் சேர்த்துச் சமைக்கும் பெனாச்சினும், வேர்க்கடலைக் குழம்பான டோமோடாவும் ஆவி பறக்க வந்தால் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஐஸும், முன்பே நறுக்கி வைத்த பழமும் வேண்டாம். புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லியிலிருந்து எடுக்கும் வொஞ்சோ பானத்திலும், குட்டிக் கண்ணாடிக் குவளையில் தரும் அட்டாயா தேநீரிலும் சர்க்கரை வஞ்சனையில்லாமல் இருக்கும். அவருக்கு ஒரு வாய் ருசி பார்க்க மட்டும்.

அட்லாண்டிக்கின் இழுப்பு பலமானது, இடுப்பளவுக்கு மேல் போக வேண்டாம். குரங்குகளுக்குக் கடலை நீட்டாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே கப்பல் மருத்துவரைப் பார்த்து ரேபிஸ் ஊசியைத் தொடங்குங்கள்.

திருச்சி திரும்பியபின் மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலோடு காத்திருக்க வேண்டாம். அங்கே பரவும் ஃபால்சிபாரம் வகை மலேரியா ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். நம் ஊர் மருத்துவருக்கு முதலில் டெங்குவும் டைஃபாய்டும்தான் நினைவுக்கு வரும். அதனால் அவர் கேட்காவிட்டாலும் செனகல், காம்பியா போய் வந்ததைச் சொல்லி, அன்றே மலேரியா ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். இல்லை என்று முடிவு வந்தும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால், 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடியும் எடுக்க வேண்டும்.